வழிபாடும் வழிபடப்படும் மனிதரும்: கே-பாப் எழுப்பும் சமயக் கேள்வி

கே-பாப் என்று உலகம் அறியும் கொரிய பாப் இசையின் ரசிகர்களைப் பக்தர்கள் என்றும், அவர்கள் கூட்டத்தைப் புதிய சமயம் என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. சிலர் கேலியாகச் சொல்கிறார்கள். சிலர் வியந்து சொல்கிறார்கள். கேலியையும் வியப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தைச் சமயம் என்று சொல்ல அதில் என்னென்ன இருக்க வேண்டும்? பாட்டும் ஆட்டமும் மனத்தைச் செம்மைப்படுத்துமா, கெடுக்குமா? உயிரோடிருக்கும் ஒருவரை வழிபாட்டுக்குரிய இடத்தில் அமர்த்தினால் அவருக்கு என்ன நேர்கிறது? முதல் இரண்டும் பழைய கேள்விகள். இரண்டாவது, கன்பூசியஸும் புத்தரும் எதிர்கொண்டது. மூன்றாவது கேள்வியைக் கே-பாப் முன்னெப்போதையும்விடக் கூர்மையாக்கியிருக்கிறது.

தொழிலாக வளர்ந்த இசை

1992இல் சோ தைஜி அண்ட் பாய்ஸ் என்ற மூவர் குழு அமெரிக்க ராப் இசையையும் நடனத்தையும் கொரியப் பாட்டோடு சேர்த்து மேடையேற்றியது. இன்றைய கே-பாப்பின் தொடக்கமாகப் பலரும் கொள்வது இதைத்தான். பாடகராக இருந்து தயாரிப்பாளரான லீ சூ-மான் 1995இல் எஸ்எம் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தை அமைத்தார். மறு ஆண்டே எச்ஓடி என்ற ஐவர் குழு வெளிவந்தது. பதின்ம வயதினரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பாட்டு, நடனம், அயல்மொழி, பேட்டி கொடுக்கும் விதம் எல்லாவற்றையும் பயிற்றுவித்து, பிறகு குழுவாக அறிமுகப்படுத்தும் முறை அங்கிருந்து நிலைபெற்றது. அப்படி அறிமுகமாகும் கலைஞர்களுக்குக் கொரியாவில் ஐடல் என்று பெயர்.

1997இன் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு தென்கொரிய அரசு பண்பாட்டுத் தொழில்களையும் ஏற்றுமதித் துறையாகப் பார்க்கத் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் போவா ஜப்பானில் முன்னணிப் பாடகியானார். 2012 ஜூலையில் வெளியான பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ அந்த ஆண்டு டிசம்பரில் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியாயிற்று. 2013இல் அறிமுகமான பிடிஎஸ் என்ற எழுவர் குழு 2018இல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலிலும், 2020இல் ‘டைனமைட்’ மூலம் பாடல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. 2016இல் வந்த பிளாக்பிங்க் 2023இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் முதன்மைக் குழுவாக மேடையேறியது.

இதே காலத்தில் தென்கொரியாவில் சமயப் பிடிப்பு தளர்ந்தது. 2005 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் எதையும் சேராதவர்கள் சுமார் 47 விழுக்காடு. 2015இல் அது 56 விழுக்காடாயிற்று. அந்த ஆண்டு புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 20 விழுக்காடு, பௌத்தர்கள் 15.5, கத்தோலிக்கர் 8. கோயிலும் தேவாலயமும் விட்ட இடத்தை ஐடல்கள் பிடித்துக்கொண்டார்கள் என்ற விளக்கம் இந்த எண்களிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த விளக்கம் பாதிவழிதான் வருகிறது. கே-பாப்பின் பெரிய ரசிகர் கூட்டங்களில் சில இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா போன்ற, சமயப் பிடிப்பு குறையாத நாடுகளில் இருக்கின்றன. 2020 ஜூனில் பிளாக்பிங்கின் ‘ஹவ் யூ லைக் தட்’ காணொளியில் பிள்ளையார் சிலை ஒன்று தரையில், சிம்மாசனத்தின் அருகே வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் அந்தக் குழுவின் இந்து ரசிகர்களே முன்னே நின்றார்கள். நிறுவனம் சிலையைக் காட்சியிலிருந்து நீக்கியது. அந்த ரசிகர்களுக்குப் பிளாக்பிங்க் மேல் இருந்த பற்று பிள்ளையாருக்கு உரிய இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தெய்வம் எது, தாங்கள் கொண்டாடும் பாடகி யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஆகவே ரசிகர் கூட்டம் சமயத்துக்கு மாற்றாக வந்ததா என்று கேட்பதைவிட, சமயம் செய்கிற எந்த வேலையை அது செய்கிறது என்று கேட்பது பொருந்தும்.

சடங்கும் கூட்டமும்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட சமய வாழ்வின் தொடக்க வடிவங்கள் பற்றிய நூலில், சமயத்தின் சாரம் கடவுள் நம்பிக்கையில் இல்லை என்று வாதிட்டார். சில பொருள்களைப் புனிதமென்று ஒதுக்கிவைப்பது, அவற்றைச் சுற்றிச் சடங்கு அமைப்பது, அந்தச் சடங்கின் வழியே ஒரே அறச்சமூகமாக ஒன்றுசேர்வது என்ற மூன்றும் அவருக்குப் போதும். கூட்டமாகக் கூடி ஆடிப் பாடும்போது ஒவ்வொருவரையும் தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தூக்கிச் செல்வதாகத் தோன்றும் எழுச்சிதான் தெய்வம் என்ற கருத்துக்கே ஊற்று என்றார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் இரவுக் கூட்டங்களைப் பற்றிய குறிப்புகளிலிருந்து அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

கே-பாப் கச்சேரி ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால் துர்க்கைமின் மூன்றும் தெரியும். ஒவ்வொரு ரசிகர் கூட்டத்துக்கும் தனி வடிவில் லைட்ஸ்டிக் எனப்படும் கைவிளக்கு உண்டு. பிடிஎஸ் ரசிகர்களான ஆர்மியின் விளக்கு உருண்டைக் கண்ணாடிக் குமிழ் போல இருக்கும். அரங்கில் நுழைந்ததும் ரசிகர் தம் கைபேசிச் செயலியில் இருக்கை எண்ணைக் கொடுத்து விளக்கை இணைத்துக்கொள்கிறார். பாட்டு தொடங்கியதும் அரங்கின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் சமிக்ஞைக்கு ஏற்ப ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் நிறம் மாறுகின்றன, அலையாகப் பாய்கின்றன, எழுத்தாகக்கூட வடிவெடுக்கின்றன. வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடைவெளியில் ரசிகர்கள் உறுப்பினர்களின் முழுப் பெயர்களை வரிசை மாறாமல் முழங்குகிறார்கள். பிடிஎஸ்ஸுக்குத் தலைவர் கிம் நாம்-ஜூனில் தொடங்கி இளையவர் ஜியோன் ஜங்-குக்கில் முடியும் ஏழு பெயர்கள். எந்த வரியில் எதைச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பை நிறுவனங்களே முன்கூட்டி வெளியிடுவதும் உண்டு.

யாத்திரையும் இருக்கிறது. கொரியாவின் கிழக்குக் கரையில் கங்னுங் நகரின் ஜுமுன்ஜின் கடற்கரையில் ஒரு பேருந்து நிறுத்தம் நிற்கிறது. அங்கே எந்தப் பேருந்தும் நிற்பதில்லை. 2017இல் பிடிஎஸ் ஆல்பத்தின் படப்பிடிப்புக்காக அமைத்துப் பிரித்துவிட்ட அரங்கத்தை, தேடி வந்த ரசிகர்களுக்காக நகர நிர்வாகம் திரும்பக் கட்டியது. மெய்யான நிறுத்தம் ஒன்று முதலிலேயே இருந்ததில்லை. ஆனாலும் அங்கே வந்து அமர்ந்து படமெடுத்துக்கொள்வோருக்கு அந்த இடத்தின் மதிப்பு குறைவதில்லை. புனிதம் பொருளின் இயல்பில் இல்லை, கூட்டம் அதன்மேல் ஏற்றுவது என்ற துர்க்கைமின் கருத்துக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அறச்சமூகம் என்ற மூன்றாவது கூறுக்கும் குறைவில்லை. கொரியாவில் கச்சேரிக்கும் நாடக அரங்கேற்றத்துக்கும் மலர்வளையத்துக்குப் பதிலாக ரசிகர்கள் அரிசி மூட்டைகளை அனுப்பி, ஐடலின் பெயரில் ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். 2020 ஜூனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்குப் பிடிஎஸ்ஸும் அதன் நிறுவனமும் 10 லட்சம் டாலர் அளித்த செய்தி வெளியானதும், ஆர்மி ஏறத்தாழ ஒரே நாளில் அதே அளவு தொகையைத் திரட்டியது. ஒரே ஆல்பத்தை, உள்ளே வைக்கப்படும் ஐடல் படமான போட்டோகார்டுக்காகப் பல படிகள் வாங்கிக் குவிப்பதால் சேரும் கழிவை, 2021இல் ரசிகர்களே தொடங்கிய கேபாப்4பிளானட் என்ற அமைப்பு கண்டிக்கிறது. தன் வழக்கத்தைத் தானே கண்டித்துத் திருத்த முயலும் கூட்டத்தில் அறவுணர்வு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதற்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதம், இந்த எழுச்சி திட்டமிட்டு விற்கப்படுவது என்பது. ஜெர்மானியச் சிந்தனையாளர்கள் ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1940களில் பண்பாட்டுத் தொழிற்சாலை என்று விமர்சித்ததன் முழு வடிவம் கே-பாப் என்பார்கள். கையிலுள்ள விளக்கே ரசிகரின் வசத்தில் இல்லை என்பது அவர்களுக்குச் சாதகமான சான்று. ஆனால் எந்தச் சமயத்திலும் வழிபாடு தானாக நிகழ்ந்துவிடுவதில்லை. மணி எப்போது அடிக்க வேண்டும், திரை எப்போது விலக வேண்டும், கூட்டம் எங்கே எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் முறை வகுத்தவைதான். காணிக்கையும் கட்டணமும் எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஏற்பாடு செய்யப்பட்டது என்பதால் மட்டும் அனுபவம் பொய்யாகிவிடாது.

சமயத்திலிருந்து வேறுபடும் இடம்

துர்க்கைமின் அளவுகோலில் தேறும் கே-பாப், வேறு அளவுகோலில் தேறுவதில்லை. இறையியலாளர் பால் டில்லிக் 1957இல் நம்பிக்கை பற்றி எழுதிய நூலில், மனிதர் எதை முற்றறுதியான அக்கறையாகக் கொள்கிறாரோ அதுவே அவருடைய சமயம் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார். எல்லைக்குட்பட்ட ஒன்றை, அது நாடாக இருந்தாலும் செல்வமாக இருந்தாலும், எல்லையற்றதன் இடத்தில் வைத்தால் அந்த நம்பிக்கை ஒருநாள் ஏமாற்றத்தில் முடியும்.

பெரும்பாலான ரசிகர்கள் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை. ஒரே நேரத்தில் நான்கு குழுக்களுக்கு ரசிகராக இருக்கலாம். ஒன்றை விட்டு விலகினால் பாவம் சேராது. அடுத்த ஆண்டு வேறொரு குழுவைப் பிடித்துக்கொள்ளலாம். பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றுக்குரிய சடங்கு எதையும் கே-பாப் தருவதில்லை. மனிதர் ஏன் துன்பப்படுகிறார், இறந்தபின் என்ன என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. விடை இருப்பதாக அது உரிமை கோருவதும் இல்லை. சமயம் தரும் கூட்டத்தையும் சடங்கையும் நட்பையும் தந்து, சமயம் கேட்கும் உறுதிமொழியைக் கேட்காமல் விடுகிறது. இன்றைய இளைஞர்களிடம் அதன் வலிமை இதில்தான் இருக்கிறது.

இசை குறித்த பழைய வழக்கு

பாட்டும் ஆட்டமும் மனத்தை என்ன செய்கின்றன என்ற கேள்வி கிழக்காசியாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் வழக்கு. கன்பூசியஸ் இசையைச் சடங்குக்குச் சமமாக வைத்தார். பழைய ‘ஷாவோ’ இசையைக் கேட்டபின் மூன்று மாதம் அவருக்கு இறைச்சியின் சுவை தெரியவில்லை என்று அவர் உரையாடல் நூல் சொல்கிறது. அதே நூலில் ஜெங் நாட்டு இசை ஒழுக்கத்தைக் குலைக்கும் என்று அதை விலக்கச் சொல்கிறார். நல்ல இசை ஆளையும் நாட்டையும் திருத்தும், கெட்ட இசை இரண்டையும் கெடுக்கும் என்பது அவர் நிலை.

அவருக்குப் பின்வந்த மோசி இசையே வேண்டாம் என்றார். மணியும் முரசும் செய்ய மக்களிடம் வரி வாங்க வேண்டும். அவற்றை வாசிக்க உழைக்கும் வயதினர் வேண்டும். பசித்தவருக்கு அவற்றால் சோறு கிடைக்காது. கன்பூசிய மரபைச் சேர்ந்த சுன்சி இதற்கு மறுமொழி எழுதினார். மகிழ்ச்சி மனிதரின் இயல்பு. அது குரலிலும் அசைவிலும் வெளிப்பட்டே தீரும். வடிவம் தராமல் விட்டால் அது ஒழுங்கின்மையாகும், ஆகவேதான் முன்னோர் அதற்கு வடிவம் தந்தார்கள் என்பது அவர் வாதம். கொரியாவின் ஜோசன் அரசு சுன்சியின் பக்கம் நின்றது. சியோலின் ஜோங்மியோ ஆலயத்தில் அரச முன்னோருக்கு நடக்கும் சடங்கில், செஜோங் மன்னர் காலத்தில் 15ஆம் நூற்றாண்டில் உருவான இசையும் வரிசை நடனமும் இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழ்கின்றன. பலர் ஒரே உடலாக அசையும் ஆட்டத்தை ஒழுக்கத்தின் வெளிப்பாடாகப் பார்க்கும் கண் கொரியாவுக்குப் புதிதல்ல.

பௌத்தத்தில் வழக்கு வேறு விதமாகப் போகிறது. சம்யுத்த நிகாயத்தில் தாலபுடர் என்ற கூத்துக் குழுத் தலைவர் புத்தரிடம் வருகிறார். மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களைச் சிரிக்க வைக்கும் நடிகர் இறந்தபின் சிரிக்கும் தேவர்களின் உலகுக்குப் போவார் என்று முன்னோர் சொன்னது சரியா என்று கேட்கிறார். புத்தர் இருமுறை பதில் சொல்ல மறுக்கிறார். மூன்றாம் முறை, ஏற்கெனவே ஆசையும் வெறுப்பும் மயக்கமும் நீங்காத மக்களுக்கு அவற்றைப் பெருக்கும் பொருள்களை மேலும் தருபவர் போவது நரகத்துக்கு என்கிறார். தாலபுடர் அழுகிறார். புத்தரின் சொல் சுட்டதால் அழவில்லை. பழைய ஆசான்கள் தம்மை இத்தனை காலம் ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறார். பின்பு துறவு பூணுகிறார். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, கலைஞரையும் சேர்த்தே புத்தர் கணக்கில் எடுக்கிறார் என்பது. பிறரை மயக்குபவர் முதலில் தாமே மயங்கிக் கிடக்கிறார்.

கொரிய பௌத்தமோ இன்னொரு வழியையும் காட்டியது. ஏழாம் நூற்றாண்டின் பெரும் தத்துவாசிரியர் வோன்ஹ்யோ, துறவாடையைக் களைந்துவிட்டு, கூத்தாடிகள் ஆட்டத்துக்கு வைத்திருந்த சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடிப் பாடிப் புத்தரின் பெயரைப் பரப்பினார் என்று ‘சம்குக் யூசா’ வரலாற்று நூல் கூறுகிறது. எழுத்தறியாத ஏழைகளுக்குச் சூத்திரம் எட்டாது, பாட்டு எட்டும். 2024இல் நகைச்சுவை நடிகர் யூன் சொங்-ஹோ, நியூஜீன்ஸ்னிம் என்ற பெயரில், மழித்த தலையும் துறவாடையுமாக மின்னிசைக்கு ஆடிப் புத்த போதனையைச் சொன்னபோது இந்தப் பழைய வழக்கு திரும்பவும் விசாரணைக்கு வந்தது. கொரியாவின் ஜோக்யே சங்கம் இளைஞர்களை ஈர்ப்பதற்காக அவரை வரவேற்றது. மலேசிய பௌத்தர்களோ துறவுக்கு இழுக்கு என்று எதிர்த்தார்கள், கோலாலம்பூரில் அவருடைய நிகழ்ச்சி நின்றது. தாலபுடர் கதையும் வோன்ஹ்யோ கதையும் ஒரே சமயத்துக்குள் அருகருகே வாழ்கின்றன. எந்த நாட்டுப் பௌத்தம் எதை முன்னிறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு.

தன்னை நேசித்தல்

கே-பாப்புக்கு ஒரு போதனை உண்டென்றால் அது பிடிஎஸ் பரப்பிய தன்னேசம்தான். 2017-18இல் ‘லவ் யுவர்செல்ஃப்’ என்ற தலைப்பில் ஆல்பங்கள் வந்தன. 2017 நவம்பரில் யுனிசெஃப்போடு சேர்ந்து குழந்தைகள்மீதான வன்முறைக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. 2018 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. மன்றத்தில் ஆர்எம் எனப்படும் குழுத் தலைவர் கிம் நாம்-ஜூன் இதையே பேசினார். 2019இல் வந்த ‘மேப் ஆஃப் தி சோல்: பெர்சோனா’ உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளை எடுத்துக்கொண்டது, யுங்கைப் பற்றி மரே ஸ்டைன் எழுதிய நூல் அதற்கு அடிப்படை.

தன்னை நேசிப்பது அறமா, தன்னலமா? மேலைச் சமயச் சிந்தனை இதில் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது. பிறரை நேசிக்கத்தான் கட்டளை, தன்னை நேசிப்பது சொல்லாமலே நடக்கும் என்பது பழைய எண்ணம். நான் என்ற ஒன்றே நிலையானதல்ல என்னும் பௌத்தத்தில் சிக்கல் இன்னும் கூடும். ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமார்க்கம்’ மைத்திரித் தியானத்தைத் தன்னிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. தான் இன்பத்தை விரும்புவதை உணர்ந்தவரே எல்லா உயிரும் அப்படித்தான் என்று உணர்வார் என்பது காரணம். எரிக் ஃப்ரோம் 1956இல் அன்பு பற்றி எழுதியபோது, தன்னலக்காரர் தம்மை அதிகமாக நேசிப்பவரல்ல, நேசிக்கவே தெரியாதவர் என்று இதையே வேறு முனையிலிருந்து காட்டினார்.

போதனையின் சூழலையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஒன்றே வாழ்வைத் தீர்மானிக்கும் என்று நம்பும் சமூகம் தென்கொரியாவுடையது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருக்கும் நாடும் அதுவே. அங்கே ஓர் இளைஞரிடம் உன்னை நேசி என்று சொல்வது செருக்கை வளர்ப்பதாகாது. முரண்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. உள்ளபடியே உன்னை ஏற்றுக்கொள் என்ற சொல்லைக் கொண்டுவருபவர்கள், எடை, முகம், தோல், பேச்சு எல்லாம் அளந்து திருத்தப்பட்டவர்கள். யுங் சொன்ன பெர்சோனா, அதாவது உலகத்துக்கு முன் மனிதர் அணியும் முகமூடி, யாருக்கும் தேவைதான். அதுவே தான் என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. ஐடல் ஒருவருக்கு அந்த முகமூடியே வேலை ஒப்பந்தமாக இருக்கிறது.

ஒருவழி உறவு

ரசிகருக்கும் ஐடலுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள 1956இல் டொனால்ட் ஹோர்டனும் ரிச்சர்ட் வோலும் எழுதிய கட்டுரை இன்றும் உதவுகிறது. தொலைக்காட்சியில் தோன்றுபவரோடு பார்வையாளர் நேரில் பழகுவது போன்ற நெருக்கத்தை உணர்கிறார், ஆனால் அந்த உறவு ஒரு பக்கம் மட்டுமே ஓடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். கே-பாப் இந்த நெருக்கத்தை நுணுக்கமான சேவையாக்கிவிட்டது. 2020இல் வந்த பபிள் என்ற செயலியில் மாதக் கட்டணம் கட்டினால் ஐடலிடமிருந்து தனிச்செய்தி வரும். சாப்பிட்டாயா, இன்று மழையா என்ற வகைச் செய்திகள்தான். ஐடல் ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்புகிறார். நடுவில் ஒரு குறியை இட்டால் அந்த இடத்தில் ஒவ்வொரு ரசிகரின் பெயரும் வந்து நிற்கும். லட்சம் பேருக்கு அனுப்பியது ஒருவருக்கு மட்டும் எழுதியதாகத் திரையில் தெரியும்.

இது ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. ஆனால் செய்தி பொதுவானது என்பது ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதில் ஆறுதல் அடைகிறார்கள். பக்தியிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. கோடிப் பேர் தொழும் தெய்வம் தன்னை மட்டும் அறிந்திருக்கிறது என்ற உணர்வு பக்தருக்கு முரணாகத் தோன்றுவதில்லை. லுட்விக் ஃபாயர்பாக் 1841இல், கடவுள் என்பது மனிதர் தம் சிறந்த இயல்பை வெளியே எடுத்து உயர்த்தி வைத்தது என்றார். அவர் சொன்னதைச் சமயவாதிகள் மறுக்கலாம். ஐடலைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. வேறுபாடு ஒன்றே ஒன்று. ஃபாயர்பாக்கின் கடவுளுக்குத் தன்மேல் ஏற்றப்படும் எதிர்பார்ப்பு வலிக்காது.

பீடத்தில் இருப்பவர்

சமயங்கள் தம் வழிபடுபொருளைப் பெரும்பாலும் பக்தரின் ஆசை தீண்டாத தொலைவில் வைத்தன. கல்லாக, எழுத்தாக, மறைந்த ஞானியாக, உருவமில்லாததாக வைத்தன. பக்தர் கோபித்துக்கொண்டாலும் கல்லுக்குக் காயமில்லை. கே-பாப் அந்த இடத்தில் பத்தொன்பது வயது மனிதரை நிறுத்துகிறது.

2024 பிப்ரவரியில் ஏஸ்பா குழுவின் கரினா ஒரு நடிகரைக் காதலிப்பதாகச் செய்தி வெளிவந்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் நிறுவன அலுவலகத்தின் முன் கண்டன வாசகம் ஓடும் லாரியை நிறுத்தினார்கள். மார்ச்சில் கரினா கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதத்தை வெளியிட்டார். காதல் குற்றமல்ல என்பது யாருக்கும் தெரியாததல்ல. எல்லாருக்கும் உரியவராக நிறுத்தப்பட்டவர் ஒருவருக்கு உரியவரானது நோன்பை மீறியதுபோலக் கொள்ளப்பட்டது. 2017 டிசம்பரில் ஷைனி குழுவின் ஜோங்-ஹ்யன், 2019 அக்டோபரில் பாடகி சல்லி, நவம்பரில் பாடகி கூ ஹாரா என அடுத்தடுத்து இறந்தபோது, இணைய வசைகளையும் ஐடல்களின் மனநலத்தையும் பற்றிக் கொரியச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கொரியாவின் பழைய நாட்டுச் சமயத்தில் இதற்கு ஒரு தற்காப்பு இருந்தது. முதாங் எனப்படும் சாமியாடி, பெரும்பாலும் பெண், குட் என்ற சடங்கை நடத்துவார். சடங்கு பல பகுதிகளாக நடக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தெய்வம். அந்தத் தெய்வத்துக்குரிய உடையை மாற்றிக்கொண்டு, ஜங்கு முழவின் தாளத்துக்கு ஆடி, தெய்வம் ஏறியதும் அதன் வாக்கைக் கூடியிருப்போருக்குச் சொல்வார். கடைசிப் பகுதியில், அழைக்காமல் வந்து நிற்கும் அலையும் ஆவிகளுக்கும் சோறு வைத்து அனைத்தையும் வழியனுப்பிவிடுவார். உடை கழற்றியதும் அவர் மறுபடி மனுஷி. ஜோசன் காலத்தில் முதாங்குகள் சாதியடுக்கின் அடியில் வைக்கப்பட்டார்கள், அது வேறொரு அநீதி. ஆனால் தெய்வமாக இருக்கும் நேரத்துக்கு ஒரு முடிவு சடங்கிலேயே இருந்தது.

2025 ஜூனில் வெளியான ‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ என்ற அசைபடம் ஐடல்களை இந்த முதாங் மரபின் வாரிசுகளாகக் காட்டியது. பாட்டால் பேய்களை அடக்கிக் காக்கும் பெண்கள் ஒரு பக்கம். பாட்டாலேயே ரசிகரின் உயிரைக் கவரும் ஆண்கள் குழு எதிர்ப்பக்கம். ஒரே இசை காக்கவும் செய்யும், விழுங்கவும் செய்யும் என்ற படத்தின் பார்வை பழைய வழக்கின் இரு தரப்பையும் சேர்த்து வைக்கிறது. ஆனால் மெய்யான ஐடலுக்கு வழியனுப்பும் பகுதி கிடையாது. மேடையிறங்கியபின் செயலியில் செய்தி, பிறகு நேரலை, விமான நிலையத்தில் கேமராக்கள், வீட்டு வாசலில் பின்தொடர்வோர். உடை மாற்றம் உண்டு, உடை கழற்றும் நேரம் இல்லை.

சட்டம் இந்த இடைவெளியை மெல்லத்தான் நிரப்புகிறது. 2009இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டில் நியாய வணிக ஆணையம் ஏழாண்டை உச்சமாக வைத்து மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. 2024 அக்டோபரில் நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி பணியிடத் துன்புறுத்தல் பற்றி நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். அடுத்த மாதம் தொழிலாளர் நல அமைச்சகம், தொழிலாளர் தரச் சட்டப்படி அவர் தொழிலாளர் ஆகமாட்டார் என்று முடிவு சொன்னது. பீடத்தில் ஏற்றப்படுபவருக்குத் தெய்வத்தின் தொலைவும் இல்லை, தொழிலாளரின் காப்பும் இல்லை.

மனிதர் இல்லாத ஐடல்

இந்தச் சிக்கலுக்குத் தொழில்நுட்பம் ஒரு வழி சொல்கிறது: மனிதரை எடுத்துவிடலாம். 2023 மார்ச்சில் அறிமுகமான பிளேவ் என்ற ஐவர் குழு திரையில் வரைபட உருவமாகவே தோன்றுகிறது. பின்னால் இருக்கும் கலைஞர்களின் அசைவும் குரலும் அந்த உருவங்களை இயக்குகின்றன. 2024 மார்ச்சில் தொலைக்காட்சி இசைப்போட்டி நிகழ்ச்சி ஒன்றில் அது முதலிடம் பெற்றது. இங்கே காதல் விவகாரம் இல்லை, முதுமை இல்லை, வாசலில் காத்திருக்க முகவரி இல்லை.

ஆனால் 2025இல் இந்த உருவங்களை இணையத்தில் இழித்து எழுதிய ஒருவர்மீது வழக்கு நடந்தபோது, உருவம் கற்பனைதான், இழிவு அதை இயக்கும் மனிதரைச் சேரும் என்று கொரிய நீதிமன்றம் ஒன்று கூறி, ஐவருக்கும் தலா 1 லட்சம் வான் இழப்பீடு தரச் சொன்னது. படிமத்தின்மேல் எறிந்த கல் உயிர்மேல் படுகிறது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது. முற்றிலும் மனிதர் இல்லாத ஐடல் வந்தால் இந்த அறச்சிக்கல் நீங்கலாம். அப்போது ரசிகரின் அன்புக்கு இலக்காக ஒருவரும் இல்லாமல் போவார். அன்பு கொள்ள மறுமுனையில் உயிர் வேண்டுமா என்ற கேள்வி அந்த இடத்தில் எழும்.

கே-பாப்பை அளந்து பார்த்தால் கிடைப்பது இது. சடங்கு, கூட்டம், அறச்செயல் என்ற அளவில் அது சமயத்தின் வேலையைச் செய்கிறது. துன்பம், மரணம், இறுதிப் பொருள் என்ற அளவில் செய்யவில்லை. இசை மனத்தை உயர்த்துமா தாழ்த்துமா என்பதில் கன்பூசியர்களும் பௌத்தர்களும் இரு பக்கமும் வாதாடியிருக்கிறார்கள். கே-பாப்பில் இரு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. ரசிகரின் பக்தி மெய்யா மாயையா என்பது கடைசியில் ரசிகரின் பிரச்சினை. அதை அவரே சுமந்து, அவரே கடந்துபோகவும் முடியும். வழிபடப்படுபவருக்கு அந்த வசதி இல்லை. தெய்வங்களுக்குத் தேவைப்படாத ஒன்று அவருக்குத் தேவைப்படுகிறது: வேலை நேரம், விடுப்பு, காதலிக்கும் உரிமை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. கொரிய பாப் இசை சமய அறத்துக்கு எழுப்பும் கேள்வி, யாரை வழிபடலாம் என்பதோடு நிற்பதில்லை. வழிபடப்படுபவருக்கு வழிபடுபவர் செலுத்த வேண்டிய கடமை என்ன என்பதையும் அது கேட்கிறது.